நினைதலும் கருதலும்: மீண்டும் மேடையேறும் இசைக்குழுக்களும் கெடாத் தமிழ் அவையோரும்

ஒரு காலத்தில் விரும்பிக் கேட்ட பாடகரையும் இசைக்குழுவையும் பல்லாண்டுகள் கழித்து நேரிற் காண்பதற்கென்றே கூட்டம் கூடும் வழக்கம் மலேசியத் தமிழரிடையே வேரூன்றிவிட்டது. இந்நிகழ்ச்சிகளைப் பற்றி நம் நாளிதழ்கள் எழுதாமலில்லை. வந்த விருந்தினர் யார், மாலை அணிவித்தவர் யார், அரங்கு நிறைந்ததா என்பன செய்தியாகின்றன. ஆனால், மேடையில் நிகழ்ந்தது என்ன, அவையில் நிகழ்ந்தது என்ன என்னும் வினாக்களைத் திறனாய்வு நோக்கில் எழுப்பியவர் மிகச் சிலரே. சிறுகதை, புதினம், கவிதை, நாட்டுப்புறப் பாடல் ஆகியவற்றை வகுப்பறைக்குள் கொண்டுவந்த நாம், இசைமேடையை வாசலிலேயே நிறுத்திவிட்டோம். அது வெறும் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் இதற்கொரு காரணம். பழையதை எண்ணி ஏங்குவது அறிவுடையோர்க்கு ஒவ்வாத மெலிவு என்னும் எண்ணம் இன்னொன்று. முதற்காரணத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவதை ஏற்பதற்கில்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நகை முதலாகிய எட்டினைக் கூறியபின் அவையல்லாத வேறு முப்பத்திரண்டையும் தொகுத்துரைக்கின்றது. அவற்றுள் நினைதல், கருதல் என இரண்டு தனித்தனியே இடம்பெறுகின்றன. மேலோட்டமாக நோக்குவார்க்கு இவை ஒருபொருட் சொற்களாகவே தோன்றும். உரைமரபோ இவற்றை வேறுபடுத்துகின்றது. விருப்பமான ஒன்றை நெஞ்சில் வைத்துப் போற்றுவது நினைதல். மறந்துபோன ஒன்றை மீட்டெண்ணுவது கருதல். பழமையேக்கம் என்னும் ஒரே சொல்லால் நாம் மூடிவைத்த இடத்தில் இரண்டு வேறு செயல்கள் உள்ளன என்பதே இப்பகுப்பு நமக்குத் தரும் வெளிச்சம். அகத்திணை நூலார் கருவியை ஒலிபெருக்கி முழங்கும் மண்டபத்திற்குக் கொண்டுவரலாமா எனச் சிலர் ஐயுறக்கூடும். மெய்ப்பாட்டியலின் தொடக்கத்தையே ஆடலரங்கோடும் சுவைக் கணக்கோடும் தொடர்புபடுத்தி உரையாசிரியர் விளக்கியுள்ளனராதலின், இக்கருவி தன் பிறந்தகத்திற்குத்தான் திரும்புகின்றது.

கெடா மாநிலத்துத் தமிழரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விரண்டையும் இங்கு ஆராய்வோம்.

தோட்டத்து மேடை

கெடாவின் வடபகுதியாகிய அலோர்ஸ்டார், கோலா கெடா வட்டாரங்கள் நெல்வயலும் மீன்பிடித் துறையுமாக விளங்குவன. அங்கே தமிழ்க் குடும்பங்கள் குறைவு, பெரும்பாலோர் நகர்ப்புறத்தார். கோலா மூடா, கூலிம், பாலிங் ஆகிய தென்பகுதி மாவட்டங்களே ரப்பர்த் தோட்டங்களின் நிலம். சீ. முத்துசாமியின் 'மண் புழுக்கள்' புதினத்தைப் படித்தோர்க்குத் தோட்டத்து வாழ்வை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. இசையோடு தொடர்புடைய ஒன்றை மட்டும் கூறுவோம். தோட்டத்துக் கோயில் திருவிழாவின் நிறைவில் ஓர் இரவு இன்னிசைக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். எண்ணெய்ப் பீப்பாய்களை நிறுத்தி, மேலே பலகை பரப்பி, கித்தான் கூரையிட்டு மேடை அமைப்பர். லயன் வீடுகளுக்கு இரவு முழுவதும் மின்சாரம் கிடைக்காத காலத்தில் அந்த ஓரிரவுக்கு மட்டும் ஜெனரேட்டர் விடியும்வரை ஓடும்.

அம்மேடையில் ஏறியவர் யார்? பால்வெட்டுத் தொழிலாளி, லாரி ஓட்டுநர், மருத்துவமனைச் சிற்றூழியர், அரிதாக ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர். இரண்டு கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், டிரம், ஓர் ஆர்கன், போங்கோ, தப்லா என்பன அவர்தம் கருவிகள். பாடகர்க்குத் தனிப்பெயர் இருந்தாலும் அவை அவர்களை 'நம்ம டி.எம்.எஸ்.', 'நம்ம சுசீலா' என்றே அழைத்தது. புதுப்பாடல் ஒன்றைக் கற்பதற்கு அவர்கள் பட்ட பாட்டை முதிய கலைஞர்கள் சிலர் நம்மிடம் விவரித்தனர். வானொலியில் பாடல் வரும்வரை காத்திருந்து, முதலடியை ஒருவரும் அடுத்த அடியை மற்றொருவரும் எழுதிக்கொள்வர். விட்டுப்போன சொற்களுக்கு அடுத்த ஒலிபரப்புவரை பொறுத்திருப்பர். ஒலிநாடா வந்தபின் இடர் குறைந்தது. ஆனால் ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டியதில் நாடா இழுபட்டுச் சுருதி இறங்கிவிடும். அச்சுருதியிலேயே பாடக் கற்றவர்களும் உண்டு!

இக்குழுக்களின் பாடற்பட்டியல் திரைப்பாடல்களோடு நின்றுவிடவில்லை. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்துசென்றபின் தீவக்குறை எங்கும் கிட்டார் இசைக்குழுக்கள் பெருகின. மலாய் இளைஞரிடையே 'பொப் யே யே' என்னும் அலை எழுந்தது. தோட்டத்துக் குழுக்களும் அவ்வலையில் நனைந்தன. நிகழ்ச்சி தொடங்குமுன் கூட்டத்தை அழைப்பதற்கு வாசிக்கப்பட்டது பெரும்பாலும் ஷேடோஸ் குழுவின் மெட்டே. எழுபதுகளில் இலங்கைப் பொப்பிசை வந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' ஆகியவை இடம்பெறாத திருவிழா இரவு அரிது. முருகன் பாடலில் தொடங்கி, திரைப்பாடலில் நடந்து, பைலா ஆட்டத்தில் முடிவதே அவ்விரவின் நிரல். இக்கலவையைக் கண்டு முகஞ்சுளித்த தமிழறிஞர் அன்றும் இருந்தனர்.

இங்கு நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்று. தோட்டத்துச் சிறுவர் பலர்க்குப் பாடலின் முதல் நேரடி அனுபவம் இக்குழுக்களின் வாயிலாகவே கிடைத்தது. மூலப்பாடகரின் குரல் வானொலிப் பெட்டியின் இரைச்சலுக்கிடையே வந்தது. நகர்க் கொட்டகையில் படம் பார்க்கும் வாய்ப்பும் எப்போதாவதுதான். பத்தடி தொலைவில் வியர்வை வழிய நின்று பாடியவர் 'நம்ம டி.எம்.எஸ்.' ஆகவே, நினைவில் மூலமாக நிற்பது எது, படியாக நிற்பது எது என்பது இவ்வவையோரைப் பொறுத்தவரை அத்துணை எளிய வினா அன்று.

பின்னர்த் தோட்டங்கள் கைமாறின. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. மக்கள் சுங்கை பட்டாணி, கூலிம், பட்டர்வொர்த் எனப் பெயர்ந்து அடுக்குமாடிகளில் குடியேறினர். குழுக்கள் கலைந்தன. தாளத்தைத் தானே வாசிக்கும் கீபோர்டு டிரம் கலைஞரை வீட்டுக்கு அனுப்பியது. கரோக்கே கீபோர்டு கலைஞரையும் அனுப்பியது.

அலிகேட்ஸ்: மொழியால் விடுபட்டவர்கள்

கெடாவின் அண்டையிலுள்ள பினாங்கில் அறுபதுகளின் இறுதியில் தோன்றியது அலிகேட்ஸ் இசைக்குழு. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் ஆகிய உடன்பிறந்தார் இருவரும் அதன் முகங்கள்; பெரிய சுருள்முடி அவர்தம் அடையாளம். ஆங்கிலப் பாடல்களோடு தொடங்கி, ஹாங்காங் இரவு விடுதிகளில் சில ஆண்டுகள் பாடி, எழுபதுகளின் இறுதியில் மலாய்ப் பாடலுக்கு வந்து நாடு முழுவதும் புகழ்பெற்றனர். எண்பதுகளில் கெடாத் தோட்டத்து இளைஞர் எவரையும் விட்டுவைக்காத குரல் லோகாவுடையது. ஆயினும், மலேசியத் தமிழர் இசை குறித்து நாம் பேசும்போது இவர்களைச் சேர்ப்பதில்லை. பாடிய மொழி மலாய் என்பதே காரணம். தமிழர் எழுதிய ஆங்கிலப் புதினத்தை ஒப்பியல் என்னும் பெயரில் ஆராயும் துறைகள், தமிழர் பாடிய மலாய்ப் பாடலைத் தீண்டாதிருப்பது முரண் அன்றோ?

அலிகேட்சின் புகழ்பெற்ற பாடல்களுள் ஒன்று 'அண்டைஞ்ஞா அக்கு பெர்கி டூலு'. தான் முந்திச் சென்றுவிட்டால் என்னும் பொருளுடையது அதன் தலைப்பு. வெளிவந்த காலத்தில் அது ஒரு காதற்பாடலாகவே கேட்கப்பட்டது. 2007 ஜூன் 4ஆம் நாள் லோகநாதன் நோயுற்று மறைந்தார். அன்றுமுதல் அப்பாடல் வேறு பாடலாயிற்று. சொல் ஒன்றும் மாறவில்லை, மெட்டும் மாறவில்லை, பாடியவர் முந்திச் சென்றுவிட்டார் என்னும் செய்தி ஒன்று வெளியிலிருந்து வந்து பாடலுக்குள் புகுந்துகொண்டது. அதன்பின்னும் டேவிட் குழுவை மேடையில் நடத்தி வந்தார். அண்ணன் ஒருவராக நின்று பாடும் மேடையில், தம்பி நின்ற இடத்தை அவையோர் கண்கள் தாமாகவே தேடுகின்றன. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது அப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலைகுனியும் முதியோரை நாமே கண்டிருக்கிறோம்.

இதனை நினைதல் என்பதா, கருதல் என்பதா? முதலிரண்டு பாடல்கள்வரை நினைதலே. கைதட்டல், உடன்பாடல், இளமைக்காலக் குறும்புகளை அருகிலிருப்பாரிடம் கூறல் என்பன அதன் அறிகுறிகள். மேற்கண்ட பாடல் தொடங்கும்போது அவை அடங்குகின்றது. மறந்திருந்த ஒன்று திரும்பி வருகின்றது. அது லோகாவின் இறப்பு மட்டுமன்று. தத்தம் வீட்டில் முந்திச் சென்றவர்கள் அனைவரும் வருகின்றனர். ஒரு பழைய குழுவை நேரிற் சென்று கேட்பதற்கும் வீட்டில் ஒலிவட்டில் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஒலிவட்டில் குழு முழுமையாக இருக்கின்றது. மேடையில்தான் காலி இடம் தெரிகின்றது.

இவ்விடத்தில் ரோக் இசையையும் தொட்டுச் செல்வோம். எண்பதுகளின் இறுதியில் தோட்டத்து இளைஞர்கள் செர்ச், விங்ஸ் ஆகிய மலாய் ரோக் குழுக்களின்மேல் கொண்ட பற்றுச் சிறிதன்று. செர்ச் குழுவின் 'இசபெலா' 1989இல் வெளிவந்தபோது அதனைத் தமிழ்த் திருமண மேடைகளிலும் கேட்க முடிந்தது. 1992இல் நீள்முடி வைத்த ரோக் பாடகர்களை அரசுத் தொலைக்காட்சியில் தோன்றவிடாமல் தடுத்து, பின்னர் அவர்தம் முடி வெட்டப்பட்ட நிகழ்ச்சியை இன்றும் சிரித்தபடியே நினைவுகூர்வோர் உளர். அக்குழுக்கள் மீண்டும் மேடையேறும்போது கூட்டத்தில் நரைத்த தமிழ்த்தலைகளும் தென்படும். முடி அவர்களுக்கும் குறைந்துவிட்டது, வெட்டியது அரசன்று.

தலைநகர்ப் பயணம்

சென்னையிலிருந்து வரும் இசையமைப்பாளரும் பாடகரும் கோலாலம்பூரில் நடத்தும் பெருநிகழ்ச்சிகள் வேறு வகையின. சுங்கை பட்டாணியிலிருந்து தலைநகர் 300 கிலோமீட்டருக்கும் மேல். பேருந்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கட்டுச்சோறோடு புறப்பட்டு, நிகழ்ச்சி முடிந்து விடியற்காலையில் திரும்பும் குழுக்களோடு நாமும் சென்றிருக்கிறோம். உண்மையைக் கூறுவதாயின், பேருந்தில் நடக்கும் பாட்டு அரங்கில் நடக்கும் பாட்டைவிடச் சிறந்திருந்த நாள்கள் உண்டு.

இந்நிகழ்ச்சிகளில் அவையோரின் எதிர்பார்ப்பு ஒன்றே: இசைத்தட்டில் உள்ளவாறே இருத்தல் வேண்டும். வயலின் எழும் இடம், குழல் நுழையும் இடம், பாடகர் மூச்சுவிடும் இடம் அனைத்தும் அவர்களுக்கு மனப்பாடம். சிறிது பிறழ்ந்தாலும் முகம் சுருங்குகின்றது. இளையராஜாவின் இசை இவ்வெதிர்பார்ப்பை மிகுவிக்கின்றது. இடையிசையையும் சொல்லுக்கு நிகராக எழுதி அமைத்தவர் அவர்; ஆதலின் அதனை மாற்றுவது கவிதையின் சீரை மாற்றுவது போலாகும். இது நியாயமே. ஆயினும், இசைத்தட்டின் நகலாக அமையும் மேடையில் நினைதல் நிறைவுறுகின்றதேயன்றிக் கருதலுக்கு இடம் பிறப்பதில்லை. அங்கு எதுவும் மறக்கப்படவில்லை. மீட்க வேண்டியதும் இல்லை.

இந்நிறைவு குலையும்போதுதான் இத்தகைய நிகழ்ச்சிகள் நம் ஆய்வுக்குப் பொருளாகின்றன. 2013 டிசம்பரில் இளையராஜா உடல்நலம் குன்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவரை முன்னிறுத்தி ஏற்பாடு செய்யப்பட்டிருந்த கோலாலம்பூர் நிகழ்ச்சி அவர் வராமலேயே நடந்தது. காண வந்தவர் இல்லாத மேடையை அவை ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், பாடல்கள் ஏற்கெனவே அவரிடமிருந்து பிரிந்து கேட்போரிடம் சேர்ந்துவிட்டமையே எனக் கருத இடமுண்டு. 2017 மார்ச்சில் இதற்கு நேர்மாறான வினா எழுந்தது. பாடகராக ஐம்பது ஆண்டு நிறைவுற்றதையொட்டி வெளிநாடுகளில் பாடிவந்த எஸ். பி. பாலசுப்பிரமணியத்திற்கு, இசைவின்றித் தம் பாடல்களை மேடையில் பாடலாகாது என இளையராஜா தரப்பிலிருந்து சட்ட அறிவிப்புச் சென்றது. பாடல் இசையமைப்பாளர்க்கு உரியது என்பது அத்தரப்பின் நிலை. படைத்தவர் உரிமையை எள்ளுவது நம் நோக்கமன்று. ஆனால், எவரிடமும் இசைவு கேளாமல், கேட்கவேண்டும் என்பதையே அறியாமல், நாற்பது ஆண்டுகள் அப்பாடல்களைத் தோட்டம் தோட்டமாகச் சுமந்து சென்ற கெடாக் குழுக்களை அவ்வழக்கின் எந்தப் பக்கத்தில் நிறுத்துவது? 2020 செப்டம்பர் 25இல் பாலசுப்பிரமணியம் மறைந்தார். அவ்வினா அவரோடு மறையவில்லை.

ஒரே பாடலுக்குள் இரண்டு தலைமுறைகளின் நினைவு குடியேறிய நிலையும் உண்டு. 1980இல் வெளிவந்த 'நிழல்கள்' படத்தில் பாலசுப்பிரமணியம் பாடிய 'மடை திறந்து' பாடலை, 2006இல் மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவினர் 'வல்லவன்' தொகுப்பில் ரேப் இசையாக மறுவாக்கம் செய்தனர். அன்று அதனைப் பாடல் கெட்டது என வெறுத்த பெற்றோரும், அதுவே தம் பாடல் எனக் கொண்டாடிய பிள்ளைகளும் ஒரே வீட்டில் இருந்தனர். அப்பிள்ளைகள் இப்போது நாற்பதை நெருங்குகின்றனர். 'வல்லவன்' அவர்களுக்குப் பழைய பாட்டு. பழமையேக்கம் முதியோர்க்கே உரியது எனக் கூறி ஒதுக்கும் ஆசிரியர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

ஓர் உள்ளூர் இரவு

இனி, நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். கலைந்துபோன தோட்டத்துக் குழு ஒன்றின் எஞ்சிய உறுப்பினர் ஐவர், சுங்கை பட்டாணியில் ஒரு கோயில் மண்டபத்தில் மீண்டும் ஒருநாள் கூடிப் பாடினர். பெடோங், பாடாங் செராய், கூலிம் முதலிய ஊர்களிலிருந்தும், மணமுடித்துக் கோலா கெடா சென்றுவிட்ட ஒரு குடும்பத்திலிருந்தும் ஏறத்தாழ இருநூறு பேர் வந்திருந்தனர். எல்லாரும் அல்லது எல்லாருடைய பெற்றோரும் ஒரே தோட்டத்தார். அத்தோட்டம் இன்றில்லை.

இசைத்தரம் பற்றி மழுப்ப வேண்டியதில்லை. பேஸ் கிட்டார் முதல் அரைமணி நேரம் சுருதி சேரவில்லை. பாடகர் இருவரும் மேல்நிலைச் சுரங்களைத் தவிர்ப்பதற்குப் பாடலை இரண்டு கட்டை இறக்கிக்கொண்டனர். பெண்குரலுக்கு ஆள் இல்லாமல் ஒரு பேத்தி கைப்பேசியைப் பார்த்துப் பாடினாள். இவை போதாவென்று, பாராட்டுரைகள் நிகழ்ச்சியின் மூன்றிலொரு பங்கை விழுங்கின. பொன்னாடை போர்த்தும் வழக்கத்திற்கு இசைமேடைகளிலேனும் விலக்களித்தல் வேண்டும் என்பது நம் தாழ்மையான கருத்து. கோலாலம்பூர் மேடைக்கு வைக்கும் அளவுகோலை இங்கு வைத்தால் நிகழ்ச்சி தேறாது.

ஆனால் இங்குக் கருதல் நிகழ்ந்தது. ஒரு பழைய நாட்டுப்புறச் சாயற்பாடலின் சரணத்தில் ஆற்றங்கரையைக் குறிக்கும் சொல் வருமிடத்தில், பாடகர் 'அல்லூர்' எனப் பாடினார். லயன் வீடுகளின் முன் ஓடும் நீர்க்காலைக் குறிக்கும் மலாய்வழிச் சொல் அது. திரையில் பாடிய பாடகர் அவ்வாறு பாடவில்லை. பாடலாசிரியர் அவ்வாறு எழுதவும் இல்லை. நாம் அதனைப் பிழையெனக் குறித்துக்கொள்ளுமுன், அவை முழுவதும் 'அல்லூர்' என்றே உடன்பாடியது. இருநூறு பேரும் ஒரே 'பிழையை' ஒரே இடத்தில் பாடினர். பின் ஒரு நொடி அமைதி. அடுத்து எழுந்த சிரிப்பு நெடுநேரம் ஓயவில்லை. நம் அருகிலிருந்த மூதாட்டி ஒருவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "அந்த அல்லூர்லதான் என் தம்பி விழுந்து பல்லை உடைச்சிக்கிட்டான்" என்றார். தம்பி எங்கே எனக் கேட்டோம். அதற்கு அவர் விடை கூறவில்லை.

ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காட்டும் பயிற்சி நம் துறைக்குப் புதியதன்று. ஓர் ஏட்டில் ஒரு சொல்லும் மற்றோர் ஏட்டில் வேறொரு சொல்லும் இருக்கும்போது, அவ்வேறுபாடு எவ்வூரில், எவர் வாயில், எதனால் விளைந்தது என ஆராய்கின்றோம். 'அல்லூர்' அத்தகையதொரு பாடவேறுபாடே. வானொலி இரைச்சலில் சொல் விளங்காமல், தமக்குத் தெரிந்த நீர்நிலையை இட்டு நிரப்பியிருக்கலாம். அன்றி, வேண்டுமென்றே குறும்பாக மாற்றியிருக்கலாம். எவ்வாறாயினும், தமிழ்நாட்டு ஆறு கெடாத் தோட்டத்து நீர்க்காலாக மாறிய அந்த ஒரு சொல்லில், பாடலை ஏற்றவர் தம் நிலத்தையும் அதனுள் ஏற்றியுள்ளனர். இசைத்தட்டு இதனைக் காக்கவில்லை. முரசு நெடுமாறன் 1997இல் தொகுத்தளித்த மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம் போன்ற பெருந்தொகுப்பு இசைக்குழுக்களின் பாடங்களுக்கு வாய்க்கவில்லை. அச்சொல் வாழ்ந்தது இருநூறு பேரின் வாயில் மட்டுமே. அதுவும் அவர்கள் ஒன்றாகக் கூடினாலன்றி வெளிப்படாது. தனியே கேட்டபோது அவர்களுள் பலர்க்கு அது நினைவிலேயே இல்லை என்பதை மறுநாள் தொலைபேசியில் அறிந்தோம்.

நிகழ்ச்சி முடிந்தபின் அப்பாடகரிடம் அவர்தம் பாட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். பள்ளிக் கணக்கேடு அது. நீல மையில் வரிகள். அவற்றின் தலைமேல் சிவப்பு மையில் கிட்டார்ச் சுரக்கட்டுகளின் ஆங்கில எழுத்துகள். ஓரங்களில் எந்தத் தோட்டத்தில், எந்தத் திருவிழாவில் பாடியது என்னும் குறிப்புகள். சில பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. 'அல்லூர்' வரும் பக்கத்தைப் புரட்டினோம். முதலில் சரியான சொல்லே எழுதப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில், வேறொருவர் கையெழுத்தில், 'அல்லூர்'. யாருடைய கையெழுத்து எனக் கேட்டோம். டிரம் வாசித்தவருடையது என்றார். அவர் அன்று மேடையேறிய ஐவருள் ஒருவரல்லர்.